ஆர்வம் வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையே பலர் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். வயது முப்பதை நெருங்குகிறது, வேலை இருக்கிறது, வேலையில் பெரிய குறையும் இல்லை, ஆனால் எதன் மேலும் ஒரு பிடிப்பு இல்லை. கிடார் கற்கத் தொடங்கிக் கைவிட்டாயிற்று. புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றாயிற்று. புகைப்படம் எடுப்பதும் அப்படியே போயிற்று. கூட இருப்பவர்கள் எல்லாம் எதையோ பிடித்துக்கொண்டு மேலே போகிறார்கள். எனக்கான பேரார்வம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தாலும் அதில் எப்படி நிலைத்து நிற்பது, இது இல்லாமல் வேலையிலும் வாழ்க்கையிலும் வளர முடியுமா?

நேரடியாகவே சொல்கிறேன். உங்களுக்கு ஆர்வம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. மூன்று விஷயங்களை நீங்களாகவே தொடங்கியிருக்கிறீர்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை; ஆர்வமே இல்லாதவர் ஒன்றைக்கூடத் தொடங்கியிருக்க மாட்டார். தொடங்கியது முதல் தடவை கடினமாகும் இடத்தில் என்ன செய்வது என்பதுதான் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. பேரார்வம் எங்கேயோ தயாராக இருக்கிறது, சரியானதைத் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும் என்று நம்புகிறவர், பற்றிக்கொள்ளாவிட்டால் "சரி, இது எனக்கானது இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார். இப்படியே மூன்று, நான்கு, ஐந்து என்று போகும். ஒவ்வொன்றையும் விடும்போது தன்னைப் பற்றிய மதிப்பும் கொஞ்சம் குறையும், அதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2018இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளே இருப்பது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிற மாணவர்கள் ஒரு பக்கம். ஆர்வம் வளர்த்துக்கொள்ளக் கூடியது என்று நம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். கருந்துளைகளைப் பற்றி ஸ்டீபன் ஹாக்கிங்கின் கருத்துகளை விளக்கும் சுவாரசியமான சின்ன வீடியோ ஒன்றைக் காட்டியபோது இரண்டு தரப்புக்குமே பிடித்திருந்தது. பிறகு அதே விஷயத்தைப் பற்றிய கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே இருப்பது என்று நம்பியவர்களுக்கு அந்த ஈர்ப்பு மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: சரியான ஆர்வம் கிடைத்துவிட்டால் உற்சாகத்துக்குக் குறைவே இருக்காது என்றும் இவர்கள்தான் அதிகமாக எதிர்பார்த்தார்கள். அப்படி எதிர்பார்க்கிறவருக்கு முதல் சலிப்பே, இது தவறான தேர்வு என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

வாழ்க்கையில் ஜெயித்தவர்கள் மேடையில் சொல்லும் கதைகளும் இந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டன என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இதுதான் என் உயிர் என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர்கள் அதைக் கடைசியிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்கள். இடையில் வந்த வருடக்கணக்கான குழப்பம், பாதியில் விட்ட வேறு நாலு விஷயங்கள், தற்செயலாகக் கிடைத்த ஒரு நல்ல ஆசிரியர், இதெல்லாம் கதையில் சுருங்கிப்போய்விடுகின்றன.

சூசன் ஹிடி, ஆன் ரென்னிங்கர் என்ற இருவர் 2006இல் ஆர்வம் நான்கு கட்டமாக வளர்கிறது என்று எழுதினார்கள். முதலில் வெளியிலிருந்து ஏதோ ஒன்று கவனத்தை இழுக்கும். அடுத்து, சூழ்நிலை துணை நின்றால் அந்தக் கவனம் கொஞ்ச நாள் தங்கும். மூன்றாவதில் நீங்களாகவே கேள்வி கேட்கத் தொடங்குவீர்கள். நான்காவதில்தான் யாரும் சொல்லாமலே, கஷ்டம் வந்தாலும், அதற்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள். நாம் பேரார்வம் என்று சொல்வது அந்த நான்காவது கட்டத்தை. முதல் கட்டத்தில் நின்றுகொண்டு நான்காவது கட்டத்தின் உணர்வைத் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்? ஆரம்ப சூரத்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி, இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவில் ஆள் இல்லாமல் தனியாக நின்று போனதுதான்.

அந்த நடு இடம் எப்படி இருக்கும் என்பதைக் கிடாரிலேயே பார்ப்போம். நீங்கள் அதை எங்கே விட்டிருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. முதல் சில வாரங்களில் விரல் நுனி வலிக்கும், ஆனால் இரண்டு மூன்று கார்டு, அதாவது பல தந்திகளை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரலமைப்பு, வந்துவிடும், ஒரு பாட்டை ஏனோதானோ என்றாவது வாசித்துவிடலாம், சந்தோஷமாக இருக்கும். அப்புறம் எஃப் கார்டு வரும். ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் (கிடாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் முதல் கட்டத்தில்) படுக்கவைத்து ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்த வேண்டும், மற்ற மூன்று விரல்களும் அவற்றின் இடத்தில் நிற்க வேண்டும். மீட்டினால் இரண்டு தந்தி ஒலிக்கும், மீதி எல்லாம் மரத்தைத் தட்டினது மாதிரி சத்தம் போடும். ஒரு வாரம் இப்படியே போனால் "என் கை சின்னது, எனக்கு இசை வராது" என்று தோன்றிவிடும். ஏராளமானவர்கள் கிடாரை மூலையில் வைப்பது இந்த இடத்தில்தான்.

இதே இடத்தைத் தாண்டினவர் என்ன செய்திருப்பார்? ஆறு தந்தியையும் ஒன்றாக மீட்டாமல், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருப்பார். ஒலிக்காதது எது? பெரும்பாலும் இரண்டாவது தந்தி. ஏன்? ஆள்காட்டி விரலின் மூட்டு மடிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, தந்தி சரியாக அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, எலும்பு இருக்கும் ஓரத்தால் அழுத்தினால், ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனால், ஒலி வந்துவிடும். முதல் ஃபிரெட் கிடாரின் தலைப்பக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே அழுத்துவது கடினம். அதே விரலமைப்பை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடித்துப் பழகி, ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே கொண்டுவரலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கேள்வி மாறிவிட்டது என்பதுதான். "எனக்கு வரவில்லை" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. "இரண்டாவது தந்தி ஏன் ஒலிக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ராத்திரியே ஏதாவது செய்து பார்க்கலாம். ஆர்வம் வளர்வது இந்த மாதிரிச் சின்னக் கேள்விகளில்தான் என்பது என் உறுதியான எண்ணம். கடினமானதை உடைத்து உடைத்து, ஒரே உட்காரலில் சோதித்துப் பார்க்கக் கூடிய அளவுக்குக் கொண்டுவருவது ஒரு திறமை, அதைக் கற்றுக்கொண்டுவிட்டால் கிடாரில் மட்டும் இல்லை, எதில் இறங்கினாலும் கைகொடுக்கும்.

அலுவலக வேலைக்கு வருவோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன், அதனால் "இந்த வேலையில் என்ன இருக்கிறது" என்ற பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். அப்படி வந்த ஒரு பெண்ணின் வேலை, வெவ்வேறு கிளைகளிலிருந்து வரும் மாதக் கணக்குகளைச் சேர்த்து மொத்தத்தைச் சரிபார்ப்பது. மாதாமாதம் கணக்கு உதைக்கும், மாதாமாதம் கையால் திருத்துவார், மாதாமாதம் அந்த வேலையை வெறுப்பார். வேறு பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். மாற்றுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம், அதுவரை ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் காரணத்தை மட்டும் ஒரு வரி எழுதிவையுங்கள் என்றேன்.

பட்டியல் கொஞ்சம் நீண்டதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பிழைகளில் பெரும்பகுதி ஒரே கிளையிலிருந்து வந்தது. அந்தக் கிளையின் கணினியில் தேதி நாள்-மாதம் என்ற வரிசையில், இங்கே மாதம்-நாள் என்ற வரிசையில். அதனால் ஏப்ரல் 3 என்று அவர்கள் அனுப்பியது இங்கே மார்ச் 4 ஆகிவிடும். 13ஆம் தேதி முதல் மாதக் கடைசிவரை உள்ளவை, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும், மாதக் கூட்டுத்தொகையில் சேராது. பார்வைக்கு எல்லாம் தேதி மாதிரியே இருக்கும்! இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து, இதைத் தானாகவே பிடிக்க ஒரு வழி இருக்குமா என்று கேட்டார். அதற்கடுத்து, அதற்காகக் கொஞ்சம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். இப்போது மற்ற பிரிவுகளில் கணக்கு உதைத்தால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்குக் கணக்குச் சரிபார்ப்பில் பிறவி ஆர்வம் என்று யாராவது சொன்னால் அவரே சிரிப்பார்.

வேலையை மாற்றாமலே வேலையோடு உள்ள உறவு மாறுகிறது என்பதைப் பற்றி ஏமி ரெஸ்னெஸ்கி என்ற ஆய்வாளர் நிறைய எழுதியிருக்கிறார். அவரும் கூட்டாளிகளும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்றார்கள்: சம்பளத்துக்கான வேலை, மேலே ஏறும் படி, மனசோடு ஒட்டிய பணி. இந்த மூன்றும் வேலையின் அந்தஸ்தைப் பொறுத்துப் பிரியும், டாக்டர் என்றால் பணி, குமாஸ்தா என்றால் சம்பளம், என்று நாம் நினைப்போம். ஆனால் ஒரே மாதிரி நிர்வாக உதவியாளர் வேலையில் இருந்தவர்களுக்குள்ளேயே மூன்று விதமும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. பிறகு 2001இல் ஜேன் டட்டனோடு சேர்ந்து எழுதியதில், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை உதாரணம் காட்டினார். ஒரே வேலைப் பட்டியல்தான், ஆனால் சிலர் தரையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், சிலர் நோயாளிகளோடு பேசுவது, வந்தவர்களுக்கு வழி காட்டுவது என்று தாங்களாகவே வேலையின் எல்லையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். இரண்டாவது வகையினர் தங்கள் வேலையைத் திறமை தேவைப்படும் வேலையாகவும் உணர்ந்தார்கள்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். சம்பளம் சரியாகத் தராத, மனிதரை மனிதராக நடத்தாத இடத்தில் இருப்பவரிடம் போய் "பார்வையை மாற்றிக்கொள், ஆர்வம் வரும்" என்று சொல்வது அநியாயம். அங்கே மாற்ற வேண்டியது இடத்தை.

சரி, நிலைத்து நிற்பது எப்படி என்ற இரண்டாவது பாதிக்கு வருகிறேன். இதற்கு சார்லஸ் டார்வினை நினைத்துக்கொள்வேன். அப்பா அவரை மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவை சிகிச்சைகளைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். பிறகு பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே பாடத்தைவிட வண்டு பிடிப்பதில்தான் நேரம் போயிற்று. ஹென்ஸ்லோ என்ற தாவரவியல் பேராசிரியரோடு நடந்துகொண்டே இருந்ததால் "ஹென்ஸ்லோவோடு நடக்கிறவன்" என்றே மற்றவர்கள் அவரைச் சொல்வார்களாம். 1831இல் பீகிள் கப்பல் பயணம் கிடைத்ததும் அந்தத் தொடர்பால்தான். இந்தப் பகுதி பலருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 1846இல், கப்பலின் அடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள் என்ற சின்ன ஓட்டு உயிரியில் ஒரு விசித்திரமான வகையை ஆராயத் தொடங்கினார். கொஞ்ச நாளில் முடிந்துவிடும் என்று தொடங்கியது, அந்த இனம் முழுவதையும் வகைப்படுத்தும் வேலையாகி, 1854 வரை எட்டு வருடம் இழுத்தது. 1852இல் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பார்னக்கிளை என்னைப் போல வெறுத்த மனிதன் இதற்கு முன்னால் இருந்திருக்க மாட்டான், மெதுவாகப் போகும் கப்பலில் இருக்கும் மாலுமிகூட இந்த அளவுக்கு வெறுத்திருக்க மாட்டான் என்று எழுதினார்.

அப்படி எழுதிவிட்டு இன்னும் இரண்டு வருடம் அதையே செய்து முடித்தார். ஓர் இனத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடுகள் இருக்கும் என்பதை அந்த எட்டு வருடம் அவருக்குக் கண்கூடாகக் காட்டியது. 1859இல் பரிணாமக் கொள்கையைப் புத்தகமாக வெளியிட்டபோது, உயிரினங்களை நுணுக்கமாக ஆராய்ந்து தெரிந்தவர் என்ற மதிப்பு அவருக்கு ஏற்கனவே இருந்தது. உடம்பு அடிக்கடி சரியில்லாமல் போகும் மனிதர். ராப்பகலாக உழைத்து இதைச் சாதிக்கவில்லை, ஒரு நாளில் சில மணி நேரம்தான் வேலை. ஆக, இயற்கையின் மேல் அவருக்கு இருந்த காதல் எந்தக் காலத்திலும் போகவில்லை, ஆனால் அன்றாட வேலையின் மேல் வெறுப்பு வந்த நாட்கள் ஏராளம். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்க முடியும். சலிப்பு வந்துவிட்டது என்பதை வைத்து ஆர்வம் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

அதே சமயம், பிடித்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு எந்தக் காலத்துக்கும் விடாதே என்ற அறிவுரையும் எனக்கு ஏற்புடையது இல்லை. விட வேண்டியதை விடத் தெரியாதவர்கள் வீணாக்கும் வருடங்களும் ஏராளம். நான் சொல்லும் வழி எளிது: தொடங்கும்போதே ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்று வையுங்கள். அந்தத் தேதி வரை "இது எனக்கானதா" என்ற கேள்வியையே எடுக்கக் கூடாது. தேதி வந்த அன்றைக்கு எடுங்கள், தாராளமாக எடுங்கள், விடுவது என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் விடுங்கள். இதில் உள்ள நன்மை, விடுவதா வேண்டாமா என்ற முடிவு மோசமான நாளில் எடுக்கப்படுவதில்லை. விட்டவர்களில் பெரும்பாலோர் எஃப் கார்டு வராத அன்று விட்டவர்கள், கணக்கு உதைத்த அன்று விட்டவர்கள். அன்றைக்கு மனசு சொல்வது எல்லாம் அன்றைய களைப்பின் பேச்சு.

அடுத்தது, எப்போது, எங்கே என்பதை முன்கூட்டியே கட்டிவைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். "நான் தினமும் பயிற்சி செய்வேன்" என்று சொல்வதைவிட, "சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்ததும் கிடாரை எடுப்பேன்" என்று ஒரு சூழ்நிலையோடு ஒரு செயலை முடிச்சுப் போட்டுவிட்டால் செய்து முடிக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இதைப் பற்றிய 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் இதே முடிவுதான் வந்தது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்பது தெரியும். ஆனால் மன உறுதி போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்களில் பலருக்கு, உண்மையில் இல்லாதது இந்த ஒரு முடிச்சுத்தான்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். 1960இல் ஒரு பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், தன் நோயாளிகளுக்கு மாறிய முகம் பழக்கமாகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதியது, வாய்க்கு வாய் மாறி இப்படி ஆகிவிட்டது. ஃபிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் யோசிக்காமலே வருகிற நிலையை எட்ட 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுமதிப்பு 66 நாள். அதே ஆய்வில் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்ட ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 22ஆம் நாள் இயல்பாக வரவில்லையே என்று விட்டவர்களும், ஒரு நாள் தவறிவிட்டது, எல்லாம் போச்சு என்று விட்டவர்களும் எத்தனை பேர்! ஒரு நாள் தவறினால் மறுநாள் கொஞ்சமாவது செய்யுங்கள், அவ்வளவுதான், ஈடுகட்ட இரண்டு மடங்கெல்லாம் வேண்டாம்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு. வேலை முடிந்து தலைவலியோடு வந்த நாளிலும் கால் மணி நேரம் முடியும் என்றால் கால் மணி நேரம். நல்ல நாளில் இரண்டு மணி நேரம் போனால் போகட்டும், ஆனால் அதைக் கணக்கு ஆக்கிவிடாதீர்கள். கடைசியில், எழுந்திருக்கும் முன், இன்று எது கொஞ்சம் நகர்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தெரசா அமபிலியும் ஸ்டீவன் கிரேமரும் ஏழு நிறுவனங்களில் 238 பேரின் நாட்குறிப்புகளை, ஏறக்குறைய 12,000 பதிவுகளை, படித்துப் பார்த்தார்கள். மனம் நன்றாக இருந்த நாட்களோடு அதிகமாகச் சேர்ந்து வந்தது, பாராட்டோ ஊக்கத்தொகையோ இல்லை; மதிப்புள்ளதாக நினைக்கிற வேலையில் கொஞ்சமாவது முன்னேறியதுதான். அந்த முன்னேற்றம் சின்னதாக இருந்தாலும் பலன் இருந்தது. சின்னது என்பதால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இரண்டு நாளில் மறந்துபோய், ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றிவிடும்.

தனியாகச் செய்யாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய இரு உளவியலாளர்களும் மனிதனின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு பிணைப்பு. ஏதாவது ஒன்றில் சலிப்புத் தட்டும்போது இந்த மூன்றில் எது இல்லை என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும். டார்வினுக்கு ஹென்ஸ்லோ கிடைத்தது போல ஒரு பெரிய மனிதர் கிடைக்க வேண்டும் என்று இல்லை. உங்களைவிட ஆறு மாதம் முன்னால் தொடங்கிய ஒருவர் போதும். அந்த எஃப் கார்டு இடத்தில் அவர்தான் "விரலைச் சாய்த்துப் பிடி" என்று சொல்வார். ஊரெல்லாம் அறிவிப்பதற்கு மட்டும் அவசரம் வேண்டாம். அறிவித்ததற்குக் கிடைக்கும் பாராட்டிலேயே மனசு பாதி திருப்திப்பட்டுவிடும். கோல்விட்சர் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் எண்ணத்தை அடுத்தவர் கவனித்துவிட்டார் என்று தெரிந்தவர்கள் அதற்காகப் பிறகு உழைத்த நேரம் குறைந்தது.

பிடித்ததை உடனே காசாக்குவதிலும் அதே நிதானம் தேவை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் மழலையர் பள்ளியில் செய்த சோதனை ஒன்று உண்டு. வண்ணப் பேனாவால் வரைவது பிடித்த குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்த குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. புகைப்படம் எடுக்கத் தொடங்கிய இரண்டாவது மாதமே கல்யாண ஆர்டர் பிடிக்கப் போகிறவர்களிடம் இதைச் சொல்லிக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். சம்பாதிக்க வேண்டிய நெருக்கடி இருந்தால் அது வேறு, அப்போது செய்யத்தான் வேண்டும்.

ஆர்வம் எல்லை மீறுவதும் உண்டு. ராபர்ட் வாலரண்ட் என்ற உளவியலாளர் 2003இல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு இசைந்து போகிறது, வேண்டும்போது கீழே வைக்க முடிகிறது. இன்னொன்று ஆளையே பிடித்துக்கொள்கிறது, செய்யாவிட்டால் பதற்றம், செய்தாலும் நிம்மதி இல்லை, தூக்கமும் குடும்பமும் பின்னால் போய்விடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி அர்ப்பணிப்பாகத்தான் தெரியும், இரண்டாவதற்குப் பாராட்டுக்கூட அதிகம் கிடைக்கும். ஒரு நாள் அதைத் தொடாமல் இருந்து பாருங்கள். ஏக்கம் மட்டும் வந்தால் பரவாயில்லை. பயமும் குற்ற உணர்ச்சியும் வந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இதைத் தவறவிடக் கூடாது. முன்பு நன்றாகப் பிடித்திருந்த விஷயங்கள்கூட இப்போது பிடிக்கவில்லை, சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எதிலும் ஒட்டுதல் இல்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்கிறது என்றால், இங்கே நான் சொன்ன எதையும் முயற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம். அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை உண்டு, பலருக்கு நன்றாகவே குணமாகிறது. சோம்பேறி என்று தன்னையே திட்டிக்கொண்டு இதில் மாதக்கணக்கில் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் மூன்றாவது கேள்வி, பேரார்வம் இல்லாமல் வளர முடியுமா என்பது. முடியும். கணக்குச் சரிபார்த்த அந்தப் பெண் வளர்ந்தது பேரார்வத்தால் இல்லை, ஒரு கேள்வியை விடாமல் பின்தொடர்ந்ததால். ஆர்வம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. வேலையிலும் பேரார்வம் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நாணயமாக வேலை செய்து, சம்பளம் வாங்கி, தனக்குப் பிடித்ததை வேலைக்கு வெளியே வைத்திருப்பவரை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை.

இனி உங்கள் விஷயத்தில் என்ன செய்வது? புதிதாக நான்காவது ஒன்றைத் தேடாதீர்கள். கிடார், புரோகிராமிங், புகைப்படம், மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் விட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். "போரடித்தது" என்று எழுதக் கூடாது. எந்தப் பாடம், எந்தப் பயிற்சி, எந்தப் பிழைச் செய்தி என்று எழுத வேண்டும். எதில் அந்த இடம் தெளிவாக நினைவிருக்கிறதோ, எதற்குப் பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருக்கிறாரோ, அதை எடுங்கள். அலுவலகத்திலும் திரும்பத் திரும்ப எரிச்சல் தரும் ஒரே ஒரு வேலையை எடுத்து, ஒவ்வொரு தடவையும் காரணத்தை ஒரு வரி எழுதிவையுங்கள். "இதை இவ்வளவு மோசமாகவா செய்வார்கள்" என்று உங்களுக்குத் தோன்றும் இடம்தான் பெரும்பாலும் உங்கள் கண் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கும் இடம். மேலதிகாரியிடம் இப்போதே பெரிய திட்டமெல்லாம் சொல்ல வேண்டாம், பட்டியல் ஒரு பக்கம் நிறைந்ததும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்றிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து வரும் தேதியில், போனில், "தொடர்வதா, விடுவதா" என்று ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டு, அந்த நாள் வரை அந்தக் கேள்வி தலைதூக்கும்போதெல்லாம் தேதி இன்னும் வரவில்லை என்று தள்ளிவையுங்கள்.